மன்னார்த் துறை: ஒரு யாத்திரைச் சரித்திரம்

கிரேக்க நாட்டுத் தீவுகளுக்கு ஓய்வுப் பிரயாணம் போக விரும்புவோர்க்கு, எந்த மாதத்தில் புறப்படுவது, எந்தத் துறையில் கப்பலேறுவது, தங்குமிடத்தையும் குடிநீரையும் எவ்வாறு தேடிக்கொள்வது என்றெல்லாம் வழிகாட்டும் கைந்நூல்கள் இன்று எண்ணிறந்தன. ஆனால், கிரேக்க மாலுமிகள் சொன்னவற்றையும் சேர்த்துத் திரட்டி, உரோமாபுரி அறிஞர் பிளினி கி.பி. 77ஆம் ஆண்டளவில் இயற்றிய இயற்கை வரலாற்றுப் பெருநூலில், அத்தகைய யாத்திரைக் குறிப்பொன்று இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட நம் கடலைப் பற்றியே எழுதப்பட்டிருக்கிறது என்பதும், அதிலுள்ள அறிவுரையை இன்று தலைமன்னார்க் கரையில் வள்ளம் தள்ளுகிற ஒருவர் கேட்டாலும் தலையசைத்து ஒப்புக்கொள்வார் என்பதும் நம்மவரிற் பலர் அறியாத செய்திகள்.

அந்தக் கடல் பெரும்பாலும் ஆழம் குறைந்தது என்கிறார் பிளினி. ஆயினும் சில வாய்க்கால்களில் நங்கூரம் தரை தொடாத ஆழம் உண்டு. ஒடுங்கிய அவ்வழிகளில் கலத்தைத் திருப்புவது அரிதாகையால் இரு முனையிலும் அணியம் வைத்த மரக்கலங்களையே அவ்விடத்தார் கட்டுகிறார்கள். விண்மீன் நோக்கித் திசையறியும் வழக்கம் அவர்களிடம் இல்லை, பறவைகளை உடன்கொண்டு சென்று இடையிடையே பறக்கவிட்டு அவை நிலம் நாடும் திசையிலேயே கலத்தைச் செலுத்துகிறார்கள். ஆண்டில் நான்கு மாதமே அவர்களுக்குக் கடலோட்டம், அதிலும் சூரியன் வடகோடியைத் தொட்டுத் திரும்பும் நாளுக்குப் பிந்திய நூறு நாட்களை அறவே விலக்கிவிடுகிறார்கள். ஆறாமீனையும் விடிவெள்ளியையும் பார்த்து வலைக்கு நேரம் குறிக்கிற ஒரு ஜனசமூகத்திற்கு வானம் படிக்கத் தெரியாது என்ற கூற்றை நான் ஏற்பதற்கில்லை. நூறு நாட் கணக்கோ அணுவளவும் பிசகாதது. ஜூன் 21ஆம் நாளுக்குப் பின் நூறு நாள் எண்ணினால் செப்டம்பர் மாதம் முடிகிறது. அதுதான் சோளகம் என்னும் தென்திசைக் காற்று அடங்கும் காலம்.

வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்ற நான்கு காற்றின் பெயர்களையும் மன்னார்க் கரையில் பிறந்த குழந்தை எழுத்துக்கு முன்பாகவே கற்றுக்கொள்கிறது. சோளகம் முற்றிய நாட்களில் மன்னார்த் தீவின் தென்கரையில் மணல் எழுந்து முகத்தில் அறையும். பனைகள் ஒருபுறமாகச் சாய்ந்து இரையும். கடலோ கரையிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மையாய்ப் பொங்கிக்கொண்டிருக்கும். வடகரை அவ்வேளையில் குளம்போல் கிடக்கும். வாடை எழுந்தால் நிலைமை மாறும். அப்போது தென்கரையே தஞ்சம். ஆகவே ஒரு கரையில் வாடியமைத்துத் தொழில் செய்தவர்கள் காற்று மாறியதும் வலையையும் கிடுகையும் சுருட்டிக்கொண்டு மறுகரைக்குப் பெயர்வது தொன்றுதொட்ட வழக்கம். 2020ஆம் ஆண்டு முதல் தென்கரையில் வரிசையாக நிற்கும் முப்பது காற்றாலைகளும் அந்தப் பழைய சோளகத்தையே நம்பி நிற்கின்றன.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே மணல் திட்டுக்களின் தொடராகக் கிடக்கும் சேது, பெருங்கலங்களுக்கு வழிவிடாத ஓர் இயற்கை அரண். மேற்றிசையிலிருந்தும் கீழ்த்திசையிலிருந்தும் வந்த வணிகர்கள் அதன் இருமருங்கிலும் நின்று, சரக்கைச் சிறு தோணிகளுக்கு மாற்றவோ காற்றுத் திரும்பும்வரை பொறுத்திருக்கவோ வேண்டியிருந்தது. அவ்வாறு பொறுத்திருந்தவர்களால் வளர்ந்த நகரமே தீவுக்கு எதிரே பெருநிலத்தில் அமைந்த மாந்தை என்னும் மாதோட்டம். பண்டைப் புவியியலாளர் தாலமி குறித்த மொதுத்தி என்ற வாணிகத்தலம் இதுவே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் அபிப்பிராயம். அருவியாற்றின் கரையோடு உள்ளே சென்றால் அநுராதபுரம். தலைநகரத்துக்கு இதுவே கடல்வாயில். 1980ஆம் ஆண்டு தொடங்கி ஜோன் கார்ஸ்வெல் என்பவரின் தலைமையில் அங்கே நடந்த அகழ்வில், சீனத்து மட்கலங்களும் பாரசீக வளைகுடாப் பக்கத்துப் பாண்டங்களும் ஒரே மண்ணடுக்கில் வெளிப்பட்டன. நாட்டில் மூண்ட யுத்தம் அந்த வேலையை இடைநடுவில் நிறுத்திவிட்டது. மன்னாரைப் பற்றி நாம் அறியவேண்டியவற்றில் பெரும்பகுதி இன்னும் மாந்தை மேட்டின் அடியிலேயே கிடக்கிறது என்பதை நினைக்குந்தோறும் மனம் பதைக்கிறது.

பிளினி கூறும் முதற் பிரயாணி இக்கரைக்கு வர எண்ணி வந்தவரல்லர். கிளாடியஸ் பேரரசரின் காலத்தில், செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்த அன்னியஸ் பிளோகாமஸ் என்பவரின் பணியாளர் ஒருவர், அரேபியக் கரையோரம் கலமோட்டிச் செல்கையில் வடகாற்றால் அடித்துச் செல்லப்பட்டுப் பதினைந்தாம் நாள் ஹிப்பூரி என்ற துறையில் ஒதுங்கினாராம். மன்னாருக்குத் தெற்கே, கடலை நோக்கி எழும்பி நிற்கும் குதிரைமலையே அத்துறை என்று கருதுவர். அரசரின் விருந்தினராக ஆறு மாதம் தங்கி நாட்டு மொழியையும் கற்றுக்கொண்ட அவர் கூறியவற்றைக் கேட்டு, இலங்கையிலிருந்து நால்வர் தூதாக உரோமாபுரிக்குப் போனார்கள்.

இதற்கு நேர்மாறாக, கடலைக் கடக்காமலே மாதோட்டத்தைத் தரிசித்தவர்களும் உண்டு. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் அங்குள்ள திருக்கேதீச்சரக் கோயிலின்மீது பதிகம் பாடியிருக்கிறார்கள். பாலாவிக் கரையும் மாதோட்ட நகரும் அவற்றில் கண்முன் நிற்கின்றன. ஆயினும், இராமேச்சரத்தில் இருந்தபடியே நினைந்து பாடினார்கள் என்றுதான் பெரியபுராணம் கூறுகிறது. போர்த்துக்கேயர் காலத்தில் அக்கோயில் தரைமட்டமாயிற்று. அதன் கல்லே மன்னார்க் கோட்டைச் சுவராயிற்று என்பது இவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் எழுப்பிய குரலால் சைவர்கள் விழித்துக்கொண்டு காட்டை வெட்டி இடத்தை மீட்டார்கள். இன்று சிவராத்திரிக்குப் பாலாவியில் தீர்த்தம் அள்ளிச் சென்று தங்கள் கையாலேயே சிவலிங்கத்துக்கு வார்க்கும் அடியார் கூட்டம் விடியும்வரை நீள்கிறது. கோட்டை கைமாறிய விவரத்தைச் சுருங்கச் சொன்னாற் போதும்: 1560இல் போர்த்துக்கேயர், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர். ஒல்லாந்தரின் கெடுபிடிக்கு அஞ்சிக் கத்தோலிக்கர்கள் 1670இல் மாந்தையிலிருந்து காட்டுக்குள் எடுத்துச்சென்ற மாதாவின் திருவுருவமே மடு யாத்திரைக்கு மூலம்.

மன்னார்ப் பெருநிலக் கரையில் ஆயிரக்கணக்கானோர் வந்து தங்கிப் போன பெரும் பிரயாணம் முத்துக்குளிப்பு. அரிப்பு, சிலாபத்துறை, மறிச்சுக்கட்டி என்ற வெறும் மணற்கரைகளில், பங்குனியும் சித்திரையுமாகிய அமைதிக் காலத்தில் ஒரு நகரமே முளைக்கும். கிடுகும் கம்பும் கொண்டு தெருத்தெருவாகக் குடிசைகள் எழும்; கச்சேரியும் நீதிமன்றமும் வைத்தியசாலையும் கடைவீதியும் அமையும்; கீழக்கரை மரைக்காயர்களும், பரதவர்களும், யாழ்ப்பாணத்தாரும், பாரசீக வளைகுடாவின் அராபியரும் வந்திறங்குவார்கள். நள்ளிரவில் நிலக்காற்றைப் பிடித்து வள்ளங்கள் சிப்பி விளையும் பாருக்குப் புறப்படும். விடிந்ததும் அனுமதிக்குறி கிடைத்தபின், குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் ஒரு காலை வைத்து, மூக்கை அடைத்துக்கொண்டு, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கி, ஒரு நிமிட அளவுக்குள் கைக்கெட்டிய சிப்பியெல்லாம் வலைக்கூடையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பார். மேலே நிற்கும் மண்டக்கு என்னும் துணையாள் ஒரே மூச்சில் இழுத்தெடுப்பார். சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று கடல்கட்டி ஒருவர் கரையில் இருந்து மந்திரம் செபிப்பார். அவர் இல்லாமல் குளிப்பவர் எவரும் நீரில் இறங்கச் சம்மதியாமையால் வெள்ளைக்கார அரசாங்கமே அவருக்கு ஊதியம் கொடுத்து வைத்திருந்தது. பிற்பகலில் கடற்காற்றோடு வள்ளங்கள் திரும்பினால் கொட்டு என்னும் வேலியடைப்பில் சிப்பி மூன்று கூறாகும்: இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவர்க்கு.

1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பி எடுக்கப்பட்டு, அரசாங்கத்துக்கு இருபத்தைந்து லட்சம் ரூபா கிடைத்தது. மறு ஆண்டு மறிச்சுக்கட்டியில் கடமை பார்த்த இளம் உத்தியோகத்தர் லெனாட் வூல்ப், பிற்காலத்தில் ஆங்கில இலக்கிய உலகில் பெயர் பெற்றவர், அக்கரையின் புழுக்கத்தையும் அழுகும் சிப்பியின் நாற்றத்தையும் ஈயின் பெருக்கத்தையும் தம் சுயசரிதையில் விரித்திருக்கிறார். அதற்குள்ளாகவே பார்களை ஒரு லண்டன் கம்பெனிக்கு இருபது ஆண்டுக் குத்தகையாகக் கொடுத்துவிட்டார்கள். 1907க்குப் பின் பல ஆண்டுகள் சிப்பி விளையவில்லை, கம்பெனியும் கலைந்துபோயிற்று. முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிட அரிப்பில் கட்டிய மாளிகை, அல்லிராணி கோட்டை என்று ஊரார் அழைக்கும் பெயரோடு, கடலரிப்பால் துண்டு துண்டாக இடிந்துகொண்டிருக்கிறது. கிரேக்கத் தூண் அமைப்பைப் பின்பற்றிய கட்டடம் அது. கிரேக்கத் தீவுகளுக்குப் போய்ப் பார்க்க இயலாதவர், அது முற்றும் விழுமுன் அரிப்புக்குப் போய்ப் பார்ப்பது நன்று.

முத்து நகரத்துக்கு வந்தவர்க்குக் குடிசையும் வைத்தியசாலையும் காத்திருந்தன. அதே காலத்தில், அதே கரையில், எதுவும் காத்திராத வேறொரு கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. 1820களில் மத்திய மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியதிலிருந்து, பஞ்சத்தால் வாடிய தஞ்சை, திருச்சி, மதுரை, இராமநாதபுரத்துக் குடியானவர்கள், கங்காணியின் பின்னே கால்நடையாகக் கரைக்கு வந்து, தோணியில் நெருக்குண்டு தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரையில் இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வறண்ட காட்டைக் கால்நடையாகவே கடந்தார்கள். யானையும் கரடியும் உலவும் அந்தத் தடத்தில் ஒரு நாள் நடைக்கு ஒரு கிணறு கிடைத்தால் பாக்கியம். கிடைத்த நீரிலும் வாந்திபேதி இருந்தது. நடக்கமாட்டாமல் விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். பின்வந்தவர்க்கு வழிகாட்டியது வழியோரத்து எலும்புகளே. நீர் இல்லாத பாதையில் கிணறும் சத்திரமும் வேண்டும் என்று அந்நாள் அதிகாரிகளே எழுதினார்கள். எழுதியதற்கும் வெட்டியதற்கும் இடையே கழிந்த ஆண்டுகளில் இறந்தவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இலங்கையின் ஏற்றுமதிச் செல்வம் முழுவதும் அந்தத் தடத்தின்மேல் நடந்து வந்தது என்று நான் துணிந்து கூறுவேன். 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள், அவர்களின் வழிவந்த மலையக மக்கள் அந்த நடையின் இருநூறாம் ஆண்டை நினைந்து தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு, முன்னோர் போன திசையிலேயே நடந்து, ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தார்கள்.

1914ஆம் ஆண்டு இத்துறையின் ஜாதகத்தையே மாற்றியது. பெப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மதவாச்சியிலிருந்து செட்டிகுளம், மடு, முருங்கன் வழியாகப் புகையிரதப் பாதை தீவுக்குள் நுழைந்து தலைமன்னார் இறங்குதுறையில் முடிந்தது. இடையிலுள்ள இருபது மைலுக்குச் சற்று மேற்பட்ட கடலைக் கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்ற நீராவிக் கப்பல்கள் கடந்தன. சென்னை எழும்பூரில் மாலையில் போட் மெயில் ஏறியவர், மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, அன்றிரவே தலைமன்னார்க் கோச்சியில் படுத்து, மூன்றாம் நாள் காலையில் கொழும்பில் கண்விழிப்பார். காற்றுக்கு ஏற்ப நிறுத்துவதற்காகத் தனுஷ்கோடியில் வடக்கிலும் தெற்கிலுமாக இரண்டு துறைகள் கட்டியிருந்தார்கள். காற்றோடு மல்லுக்கு நில்லாமல் அதற்கு இடங்கொடுத்து வாழ்ந்த பழைய அறிவையே ரயில்வே பொறியியலாளரும் கைக்கொள்ள வேண்டியதாயிற்று. சென்னைக் கல்லூரிகளுக்குப் போகும் யாழ்ப்பாணத்து மாணவர், கொழும்புக் கிட்டங்கிகளுக்கு வரும் செட்டிமார், நாடகக் குழுவினர், தல யாத்திரிகர் ஆகிய எல்லோருக்கும் ஈழமும் தமிழகமும் அடுத்தடுத்த ஊர்களாயின.

சௌகரியம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. முதல் வகுப்புப் பிரயாணி தேநீர் அருந்தியபடி கடந்த அதே கப்பலுக்கு, தோட்டத் தொழிலாளி தமிழகக் கரையிலிருந்த மண்டபம் முகாமைத் தாண்டியே வரவேண்டும். அங்கே அவரை நாட்கணக்கில் தடுத்து வைத்து, உடுதுணியை ஆவியில் புழுக்கி, அம்மை குத்தி, வயிற்றுப் பூச்சிக்கு மருந்து புகட்டி, எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்று பதிந்த பின்புதான் அனுப்புவார்கள். காட்டுவழியின் சாவுகளை அம்முகாம் குறைத்தது என்பது மெய். அந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. ஆனாலும், நோயுள்ளவரைச் சோதிப்பது வேறு, ஏழை என்பதனாலேயே ஒருவரை நோயாளியாகக் கொள்வது வேறு.

சுதந்திரம் வந்தபோது கடலின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத வேலி எழுந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் வந்தன. அத்தனை காலம் தோணியேறி வந்துபோன மனிதர் கடவுச்சீட்டும் விசாவும் இன்றிக் கால்வைத்தால் கள்ளத்தோணி ஆனார். 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. இரண்டு மாதம் நிரம்பும் முன்னே, டிசம்பர் 22ஆம் நாள் இரவு எழுந்த புயல், பிரயாணிகளோடு வந்துகொண்டிருந்த ரயிலையும் தனுஷ்கோடி நகரத்தையும் வாரிக்கொண்டு போயிற்று. பின்னர் இராமேசுவரத்திலிருந்து இராமானுஜம் என்ற கப்பல் ஓடியது. தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே நரைத்தவர்கள், தகரப்பெட்டியும் பாய்ச்சுருளும் குழந்தைகளுமாகத் தலைமன்னார்க் கோச்சியில் வந்திறங்கி அக்கப்பலில் ஏறிப் போனார்கள். பாட்டன் வந்திறங்கிய துறையிலிருந்தே பேரன் நாடுகடத்தப்பட்டார். மண்டபம் முகாம் மறுபடியும் அவர்களுக்காகத் திறந்தது.

யுத்தம் வந்ததும் கப்பல் நின்றது. 1990 ஒக்டோபரில், எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களில் பல தலைமுறை வாழ்ந்த முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளின் கட்டளையால் தீவைவிட்டு வெளியேற்றப்பட்டு, வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்குப் போய் இறங்கினார்கள். பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் இருளில் படகேறின. சேதுவின் மணல் திட்டுக்களில் இறக்கிவிடப்பட்டு, குடிக்க நீரின்றி, மறுகரைப் படகு வருமா என்று பார்த்திருந்தவர்கள் பலர். இத்துன்பங்கள் இரண்டையும் சேர்த்தே சொல்லாதவர் மன்னாரின் சரித்திரத்தைச் சொன்னவராகார்.

2010ஆம் ஆண்டு தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் புதிய பாலமும் தாம்போதியும் திறக்கப்பட்டன. 2015 மார்ச் 14ஆம் நாள் புகையிரதம் மீண்டும் தலைமன்னார் வரை வந்தது. இப்போது இங்கே வர எண்ணுபவர்க்குச் சொல்லத்தக்கவை பழைய கிரந்தங்களில் உள்ளவற்றிலிருந்து அதிகம் வேறுபட்டவையல்ல. மாரி மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில் வருக. அப்போது தாம்போதியின் இருபுறத்து ஆழமற்ற நீரிலும் வங்காலைச் சரணாலயத்திலும் பூநாரைகளும் வடதிசைப் பறவைகளும் இருக்கும். மடுவில் தங்க நினைப்பவர் ஆகஸ்ட் 15ஆம் நாள் திருவிழாக் கூட்டத்தை மனத்திற்கொண்டு முன்கூட்டியே இடம் பார்க்க வேண்டும். திட்டுப் பார்க்கப் படகெடுப்பவர் கரைத் தொழிலாளரைக் கேட்டே எடுக்க வேண்டும். அவர் இன்று வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பள்ளிமுனையில் அராபியர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லும் பெருக்க மரத்தைச் சுற்றிவர முழு அறுபதடிக்கு மேல் நடக்க வேண்டும். அதன் அடித்தண்டு மடிப்பு மடிப்பாகப் புடைத்துச் சாம்பல் நிறத்தில் யானைத்தோல் போல் இருக்கும். நண்பகலில் அதன் நிழலுக்குக் கழுதைகள் வந்து ஒண்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். இத்தீவின் நன்னீர் மணலுக்கடியில், உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்துகொண்டிருப்பது. மணலைக் கையால் தோண்டினாலும் ஊறுகிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கடல் உள்ளே ஏறிவிடுகிறது. பழைய ஊர்க்கிணறுகள் ஆழமின்றி அகலமாக வெட்டப்பட்டிருப்பதும், பெண்கள் மேல்நீரைக் கலக்காமல் பட்டையால் மெல்லக் கோலி எடுத்ததும் இதனாலே. பெரும் விடுதிகள் எழுப்ப எண்ணுகிறவர்கள் அந்தப் பட்டையின் அளவை அறிந்து எழுப்புவார்களாக.

நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபர் 14ஆம் நாள் பிரயாணிகள் கப்பல் தொடங்கியிருக்கிறது. தலைமன்னார்க் கப்பலோ இன்னும் பேச்சளவிலேயே நிற்கிறது. அது மீண்டும் ஓடும் நாளில், இரண்டு கரையிலும் சுங்கக் கட்டடத்துக்கு முன்பாக ஒரு நல்ல மடமும், அதன் முற்றத்தில் ஒரு நன்னீர்க் கிணறும், கைக்குழந்தையோடு காத்திருக்கும் மூன்றாம் வகுப்புப் பிரயாணிக்கு நிழலும் முதலில் எழவேண்டும். தலைமன்னார் மடத்துக்கு, மாத்தளைப் பாதையில் பெயரின்றி இறந்தவர்களின் நினைவாகவே கல் நாட்டவேண்டும்.